கப்பல் ‘நீ’ என்று சொன்ன இடம்

ஸ்ரீரங்கத்திலிருந்து உன் அம்மா எழுதுகிறேன். படம் பார்த்துவிட்டோம். உன் அப்பா, எடமலைப்பட்டி புதூர் அத்தை, நான், மூன்று பேரும் நேற்று மதியக் காட்சிக்குப் போனோம். கடைசியில் பொடி எழுத்தில் உன் பெயர் ஓடி மறையும்வரை உட்கார்ந்திருந்து, தியேட்டர்காரர் விளக்குமாற்றோடு வந்து நின்ற பிறகுதான் எழுந்தோம். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். ஆனால் நான் பேச ஆரம்பித்த உடனே நீ “சரிம்மா, சரிம்மா” என்பாய், எனக்குக் கோபம் வரும், சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகும். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது, நானும் கோபம் வந்தால் பேனாவை வைத்துவிட்டு ஒரு காபி குடித்துவிட்டு வரலாம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை எங்கள் வாசகர் வட்டம் நடத்துகிற சிறு பத்திரிகைக்கும் கொடுக்கப்போகிறேன். உன்னைத் திட்டினவர்கள் எல்லாம் ஊரறியத்தான் திட்டினார்கள். பதில் மட்டும் ஏன் உன் அறைக்குள் கிடக்க வேண்டும்? பயப்படாதே, உன் பெயரையும் படத்தின் பெயரையும் எங்கும் போட மாட்டேன். ஆனால் வெளியார் படிக்கப்போவதால் உனக்குத் தெரிந்த சில விஷயங்களையும் விளக்கித்தான் ஆக வேண்டும், பொறுத்துக்கொள். பாதி ஆயுளைப் பாலக்கரையில் பெண் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியே கழித்தவள் நான். விளக்காமல் இருக்க என்னால் முடியாது.

நீ சென்னையில் வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறாய். அவர்கள் உதடு ஒட்டுகிற இடத்தில் நம் சொல்லிலும் ஒரு ‘ப’வோ ‘ம’வோ வர வேண்டும், அவர்கள் வாயை மூடுவதற்குள் நம் வாக்கியமும் முடிய வேண்டும். லீவுக்கு வந்திருக்கும்போதுகூடச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, வாய்க்குள்ளேயே ஏதோ சொல்லிப் பார்த்து, விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருப்பாய். ரசம் ஆறிப்போகும். இந்தப் படம் விண்வெளிப் படம். ஒரு வயதான கேப்டன், அவர் தன் கையாலேயே கட்டிய ஒரு கப்பல். கப்பலுக்கு உடம்பெல்லாம் இரும்பு, ஆனால் பேசும். முதல் பாகம் எல்லா ஊரிலும் ஓடு ஓடு என்று ஓடியது. அதற்குத் தமிழ் எழுதினவர் வேறு ஒருவர். இரண்டாம் பாகம் உன் கைக்கு வந்தது. இரண்டு பாகத்திலும் கப்பல் கேப்டனோடு மரியாதையாகவே பேசுகிறது. “நீங்க சொன்னா சரிதான் கேப்டன்”, “நீங்க தூங்குங்க, நான் பாத்துக்கிறேன்” என்று. கடைசிச் சண்டையில் கேப்டனுக்கு மார்பில் அடிபட்டுக் கண் சொருகும்போது மட்டும் கப்பல் சொல்கிறது: “கண்ண மூடாத. இங்க பாரு. நீ கண்ண மூடாத.” அவ்வளவுதான். இந்த ஒரு ‘நீ’க்குத்தான் இத்தனை ரகளையும்.

கப்பலுக்கு மரியாதை மறந்துபோய்விட்டதாம். வசனம் எழுதினவர் தூக்கத்தில் எழுதினாராம். யாரோ ஒருவர் வீடியோ போட்டார், அதைப் பார்த்து நாலு பேர் போட்டார்கள், பிறகு மீம்ஸ் என்று எதையோ எனக்கே என் பழைய மாணவிகள் அனுப்பி வைத்தார்கள், அது என் பிள்ளை எழுதியது என்று தெரியாமல். உன் கம்பெனிக்காரர்கள் பயந்துபோய், படம் ஓடிடியில் வருவதற்கு முன்னால் அந்த வரியை மாற்றச் சொல்லிவிட்டார்கள். வருகிற வெள்ளிக்கிழமை கப்பலுக்குக் குரல் கொடுத்தவர் வந்து, “கண்ண மூடாதீங்க கேப்டன்” என்று பேசிவிட்டுப் போவார் என்றாய். நீயும் சரி என்று தலையாட்டிவிட்டு, மூன்றாம் பாகத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாய். “எனக்கு இது வராதும்மா” என்று நீ சொன்னபோது உன் குரல் நன்றாகவே இல்லை. அன்றிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. அந்த வரி மாறக் கூடாது, நீயும் இந்த வேலையை விட்டுப் போகக் கூடாது. இந்தக் கடிதம் அதற்காகத்தான். ஆனால் அம்மா என்பதற்காகப் பூசி மெழுகப் போவதில்லை. பேப்பர் திருத்துகிற மாதிரி, சரியானதற்கு டிக், தப்புக்குச் சுழி.

உன் அப்பாவைக் கிளப்புவதற்கே பெரும்பாடு ஆகிவிட்டது. மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்லில் மேற்பார்வை பார்த்த காலத்தில் தூசிக்காகத் தலையில் கட்டிய துண்டை இன்றைக்கும் வெளியே போகும்போது தோளில் போட்டுக்கொள்கிறாரே, அதைத் தேடுவதற்கே நேரம் போயிற்று. “இங்கிலீஷ் படமெல்லாம் நமக்கு எதுக்கு?” என்றார். “தமிழ்லதாங்க பேசுவாங்க, உங்க புள்ள எழுதினதுதான்” என்றேன். “அப்ப அவங்க வாயசைக்கிறது?” என்று கேட்டார். அதுதான் உன் தொழில் என்று விளக்கிக்கொண்டே ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போய் இறங்கினோம். அத்தை அங்கே முன்னாலேயே வந்து காத்திருந்தாள், பையில் முறுக்கோடு. உள்ளே தின்பண்டம் கொண்டுபோகக் கூடாது என்று வாசலில் சொன்னார்கள். “இது தின்பண்டம் இல்லப்பா, எனக்குச் சர்க்கரை, அப்பப்ப ஏதாவது வாயில போடணும்” என்று சொல்லி உள்ளே கொண்டுவந்துவிட்டாள். அவளுக்குச் சர்க்கரையும் இல்லை, ஒன்றும் இல்லை.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பனிக்கட்டி வளையத்தில் துரத்துகிற இடம் பிரமாதம். கிரகத்தைச் சுற்றி வீட்டளவுக்குப் பெரிய பனிப்பாறைகள் மிதக்கின்றன. எதிரிக் கப்பல் நெருங்கும்போது நம் கேப்டன் எஞ்சினை அணைத்துவிடச் சொல்கிறார். அணைத்த பிறகும் கப்பல் பாறைகளோடு பாறையாகப் போய்க்கொண்டே இருக்கிறது. தள்ளாமலே போகும், யாராவது தடுத்தால்தான் நிற்கும் என்று நான் கரும்பலகையில் எழுதி எழுதித் தொண்டை கட்டிப்போன விதியை அவர்கள் சத்தமே இல்லாமல் காட்டிவிட்டார்கள். நிஜமாகவே சத்தம் இல்லை. காற்றே இல்லாத இடத்தில் சத்தம் எங்கிருந்து வரும்? அந்தக் கொஞ்ச நேரம் படம் எடுத்தவர்கள் யோக்கியமாக இருந்தார்கள். தியேட்டரில் ஏசி ஓடுகிற ஓசை கேட்டது, பக்கத்தில் அத்தை முறுக்கைக் கடிக்காமல் வாயிலேயே வைத்திருந்தாள்.

அடுத்தது, அந்தக் கேப்டனை வயதாக விட்டிருக்கிறார்கள். பொதுவாக இரண்டாம் பாகத்தில் ஹீரோ இன்னும் இளைத்து, இன்னும் தலைமுடி கறுத்து, முன்னைவிட உயரமாகக் குதிப்பான். இவர் ஏணியில் ஏறும்போது ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொள்கிறார். மேலே போனதும் கொஞ்சம் நின்று, மூச்சு வாங்குவதை யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்க்கிறார். கப்பல் பார்த்துவிடுகிறது, ஆனால் ஒன்றும் சொல்லாமல் வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் கூட்டுகிறது. அந்த இடத்தில் உன் அப்பா “ம்” என்றார். உனக்குத் தெரியும், அவர் ஒரு படத்துக்கு ஒரு ‘ம்’ சொன்னால் அது பெரிய விஷயம். கப்பலுக்கு நீ எழுதிய தமிழும் எனக்குப் பிடித்தது. சின்னச் சின்ன வாக்கியம், ஒரு சொல் மிச்சமில்லை. முதல் பாகத்தில் அதே கப்பல் ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரிப் பேசும். இதில் வீட்டில் ஒருத்தர் பேசுகிற மாதிரி இருந்தது.

இனிக் கெட்டது. முதல் அரை மணி நேரம் முழுக்க முதல் பாகத்தின் கதையையே ஒருத்தர் மாற்றி ஒருத்தர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கேப்டனோடு கூடவே இருந்தவரிடமே, நடந்ததைக் கேப்டன் விளக்குகிறார். அத்தை முதல் பாகம் பார்க்கவில்லை, அவளுக்கு அது உதவியாக இருந்திருக்க வேண்டும் என்று பார்த்தால், “அண்ணி, இவன் நல்லவனா கெட்டவனா?” என்று இடைவேளை வரைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். போன தடவை எரிந்து சாம்பலான வில்லன் இந்தத் தடவை முகத்தில் ஒரு தழும்போடு வந்து நிற்கிறான். எப்படிப் பிழைத்தான் என்று கேட்டால், “என்னை அழிக்க முடியாது” என்கிறான். இது பதிலா? போன தடவை எதிரிக் கப்பல் ஒன்று, அதைப் பார்த்துப் பயந்தோம். இந்தத் தடவை வானம் நிறையக் கப்பல், ஒன்றைப் பார்த்தும் பயம் வரவில்லை. நடுவில் ஒரு காதல் ஜோடி வேறு. சண்டை நடக்கும்போது கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், வழியை விட்டாவது நிற்கக் கூடாதா? பனி வளையத்தில் யோக்கியமாக இருந்தவர்கள் கடைசிச் சண்டையில் வெடிக்கிற ஒவ்வொரு கப்பலுக்கும் தீபாவளி வெடிச் சத்தம் வைத்திருக்கிறார்கள். முடிவை முடிக்காமல் அந்தரத்தில் விட்டுவிட்டு, மூன்றாம் பாகத்துக்கு வாருங்கள் என்கிறார்கள். இதெல்லாம் உன் தப்பு இல்லை. அவர்கள் எடுத்ததற்கு நீ என்ன செய்வாய்.

உன் தப்பு இனிமேல் வருகிறது. வில்லனுக்கு ஏன் அந்தத் தமிழ்? “மடிந்து போ, அற்ப மானிடா” என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு ஒருத்தன் பேசுவானா? மற்றவர்கள் எல்லாம் இந்தக் காலத்துத் தமிழ் பேச, அவன் மட்டும் கிரீடம் வைத்துக்கொண்டு வந்தவன் மாதிரி இருந்தான். அவனுக்கு என்ன வேண்டும் என்று உனக்கே தெரியாத இடத்தில்தான் நீ இப்படி எழுதியிருக்கிறாய் என்று எனக்குத் தோன்றியது. அடுத்தது, அந்தச் சமையல்காரன். பொட்டலத்தைப் பிரித்து, “இதென்ன சோறு, மண்ணச்சநல்லூர் பொன்னி மாதிரி வருமா?” என்கிறான். தியேட்டரே கைதட்டியது. உன் அப்பா கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தார், பக்கத்து சீட்டுக்காரரிடம் “நம்ம ஊருங்க” என்று சொல்லிக்கொண்டார். அவர் சந்தோஷப்பட்டார் என்பதற்காக நான் மார்க் போட மாட்டேன். பூமியையே பார்க்காமல் கப்பலில் பிறந்து கப்பலில் வளர்ந்தவன் என்று முதல் பாகத்தில் சொன்ன ஆளுக்கு மண்ணச்சநல்லூர் எப்படித் தெரியும்? அது கைதட்டலுக்காகக் கை நீட்டியது. சுழி.

மூன்றாவது தப்பைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. வில்லன் கேப்டனைப் பார்த்து, “பத்து ஒளியாண்டு காலமாக உனக்காகக் காத்திருந்தேன்” என்கிறான். காலமாகவா? டேய், ஒளியாண்டு என்பது தூரம். ஒரு வருடத்தில் வெளிச்சம் எவ்வளவு தூரம் போகுமோ அந்தத் தூரம். இங்கிருந்து சமயபுரம் வரைக்கும் காத்திருந்தேன் என்று யாராவது சொல்வார்களா? ஒரு இயற்பியல் டீச்சர் பெற்ற பிள்ளை எழுதுகிற வரியா இது? நான் தலையில் அடித்துக்கொண்ட சத்தத்தில் அத்தை, “என்ன அண்ணி, செத்துட்டானா?” என்று கேட்டாள். இதில் வேடிக்கை என்னவென்றால், உன்னைக் கிழித்துத் தோரணம் கட்டின அத்தனை பேரில் ஒருவர்கூட இதைக் கண்டுபிடிக்கவில்லை. நிஜமான தப்பு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்துபோயிற்று. சரியாக எழுதின ஒரு வரியைப் பிடித்துவைத்து அடித்தார்கள். இதிலிருந்து நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. உன் வேலையில் எங்கே ஓட்டை என்று ஊர்ச் சத்தத்தை வைத்து முடிவு செய்யாதே. நீயே உட்கார்ந்து, பிறத்தியார் எழுதினதைப் படிக்கிற மாதிரி படி. வில்லனைத் திருத்து, சமையல்காரனைத் திருத்து, ஒளியாண்டை நாளைக்கே திருத்து. அந்த ‘நீ’யைத் தொடாதே.

ஏன் தொடக் கூடாது என்று சொல்கிறேன். நீ பேச ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு ‘நீ’, அப்பாவுக்கு ‘நீங்க’. யாரும் உனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. தெருவில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான், நீயும் அப்படித்தான். “அம்மா, நீ எங்க இருக்க?”, “அப்பா, நீங்க எப்ப வருவீங்க?” நான் டீச்சர், வகுப்பில் ஒருத்தி எழுந்து நிற்காமல் பதில் சொன்னால் எரிந்து விழுவேன். ஆனால் நீ என்னை ‘நீ’ என்பதில் மரியாதை குறைந்ததாக ஒரு நாளும் நினைத்ததில்லை. எனக்கு அது ஒரு சலுகை மாதிரி. இந்த வீட்டில் ஒருத்தனுக்கு நான் டீச்சரும் இல்லை, மேடமும் இல்லை. மனசுக்குள் எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. உன் அப்பாவுக்கு அதில் வருத்தம் இருந்ததா என்று நான் கேட்டதில்லை. அவரும் சொல்கிற ஆள் இல்லை.

பிளஸ் டூ முடித்ததும் எஞ்சினியரிங் வேண்டாம், தமிழ்தான் படிப்பேன் என்று நீ நின்றாய் அல்லவா? யார் சொன்னது சரி என்று இப்போது பேச வேண்டாம், அதைப் பேசினால் இந்தக் கடிதம் முடியாது. அந்தச் சண்டைக்குப் பிறகு கொஞ்ச நாள் நீ என்னை ‘நீங்க’ என்று கூப்பிட்டாய். “நீங்க சாப்பிட்டாச்சா?”, “நான் வெளிய போறேன், நீங்க கதவப் பூட்டிக்குங்க.” குரலை உயர்த்தவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை, அவ்வளவு மரியாதை. வாடகைக்குக் குடியிருக்கிற பையன் மாதிரி. நீ தட்டை விட்டெறிந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. நானும் வீம்புக்கு, “சரிங்க, பூட்டிக்கிறேங்க” என்று பதில் சொல்லிவிட்டு, சமையலறைக்குள் போய் அழுதிருக்கிறேன். பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு மத்தியானம் கண்ணைத் திறக்காமலே, “அம்மா, நீ செத்த நேரம் இங்க உக்காரு” என்றாய். உட்கார்ந்தேன். எந்தக் காலேஜ் என்றுகூட நான் பிறகு கேட்கவில்லை, நீ சொன்ன காலேஜில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். இங்கிலீஷ்காரனுக்கு எல்லாருக்கும் ஒரே சொல். அம்மாவுக்கும் அதுதான், ஆபீசருக்கும் அதுதான், கப்பல் கேப்டனுக்கும் அதுதான். அதனால் படம் எடுத்தவர்களுக்கே தங்கள் கப்பல் எந்த இடத்தில் மாறியது என்று தெரியாது. தமிழ் எழுதுகிறவன்தான் அதைத் தீர்மானிக்க வேண்டும். நீ தீர்மானித்தாய். அந்த இடத்தை எங்கிருந்து எடுத்தாய் என்று எனக்குத் தெரியும்.

போன மார்கழி. வைகுண்ட ஏகாதசிக் கூட்டம், ஸ்ரீரங்கத்துக்குள் வண்டிகள் நகர இடமில்லை. நீ லீவில் வந்திருந்தாய். காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆம்புலன்ஸ் உள்ளே வர நேரமாகும் என்றதால் எதிர்வீட்டுக்காரர் தன் காரை எடுத்தார். நான் முன்னால் உட்கார்ந்தேன், பின்னால் நீ அப்பாவை மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டாய். மாம்பழச்சாலை தாண்டி, காவிரிப் பாலத்தில் ஏறினதும் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் பஸ், பின்னால் பஸ், இந்தப் பக்கம் வேன். எதிர்வீட்டுக்காரர் இறங்கி ஓடிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டு ஒவ்வொரு வண்டியாக ஒதுக்கிக்கொண்டிருந்தார். எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் குரல் மட்டும் கேட்டது. முதலில், “அப்பா, கண்ணத் திறங்கப்பா. அப்பா, நீங்க பேசுங்க” என்றாய். அப்புறம் திடீரென்று உன் குரல் வேறு மாதிரி ஆகிவிட்டது. “கண்ண மூடாத. இங்க பாரு. அப்பா, நீ கண்ண மூடாத. நீ என்னப் பாரு.” பாலம் தாண்டும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தாய். உனக்குப் பிறந்ததிலிருந்து அவர் ‘நீங்க’. அன்றைக்கு மட்டும் ‘நீ’.

அதற்கப்புறம் ஆஸ்பத்திரி, ஸ்டென்ட், மாத்திரை என்று ஆகி, ஆண்டவன் புண்ணியத்தில் மனிதர் வீடு திரும்பினார். அவர் கண் விழித்து உட்கார்ந்ததும் நீ பழையபடி, “அப்பா, நீங்க கஞ்சி குடிக்கிறீங்களா?” என்றாய். பாலத்தில் நீ பேசினதைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவருக்கு அப்போது நினைவே இல்லை, எதுவும் காதில் விழுந்திருக்காது என்றுதான் நான் எண்ணியிருந்தேன்.

நேற்று அந்தக் காட்சி வந்தது. கேப்டன் சாய்ந்துவிட்டார், கண் சொருகுகிறது. பின்வரிசைப் பையன்கள் அந்த வரிக்காகவே காத்திருந்திருக்கிறார்கள் போல. கப்பல் “கண்ண மூடாத” என்றதுமே ஒருத்தன், “மரியாத, மரியாத” என்று குரல் கொடுத்தான், இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அத்தை சீட்டிலேயே முழுசாகத் திரும்பி, “யாருடா அது? அங்க ஒரு மனுசன் உசுருக்குப் போராடுறாரு, மரியாதையாம் மரியாத. படத்தப் பாருங்கடா” என்றாள். அதற்குள் கப்பல் இரண்டாம் தடவை, “நீ கண்ண மூடாத” என்றது. அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பையன்களும்தான். உனக்கு ஆறுதலுக்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதே, அத்தையைக் கேட்டுப் பார், அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது, தியேட்டர் வாசலில் தவிர. நான் அப்பாவைப் பார்த்தேன். இரண்டு கையாலும் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். துண்டு கீழே விழுந்தது, எடுக்கவில்லை.

அத்தையை அவள் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, நாங்கள் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் உட்கார்ந்தோம். அவருக்கு ஜன்னல் ஓரம். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறிக் கொஞ்சம் போனதும், “இந்த இடந்தான்” என்றார்.

“என்னங்க?”

“அவன் அதச் சொன்னது. இந்த இடத்துலதான்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “உங்களுக்கு அது கேட்டுச்சா? நெனவே இல்லன்னுல நெனச்சிக்கிட்டிருந்தேன்” என்றேன்.

“கேட்டுச்சு” என்றார். “எல்லாம் இருட்டிக்கிட்டு வந்துச்சு. வலியெல்லாம் இல்ல. அப்படியே தூங்கிடலாம் போல சுகமா இருந்துச்சு. அப்பப் பாத்து யாரோ என்ன நீன்னு கூப்புடுறாங்க. எங்கம்மாவும் போயிட்டாங்க, அண்ணனும் போயிட்டாரு. என்ன நீன்னு கூப்புட இனிமே யாரு இருக்கா? யாருன்னு பாக்கணும்னுதான் கண்ணத் தெறந்தேன்.”

டிக்கெட் எடுக்காதவர்கள் எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கண்டக்டர் சத்தம் போட்டுக்கொண்டே வந்தார்.

அவரைப் பிழைக்க வைத்தது டாக்டரும் மருந்தும்தான், எதிர்வீட்டுக்காரரின் கும்பிடும்தான். நான் இயற்பியல் படித்தவள், எனக்கு அது தெரியும். ஆனாலும் நீ வெள்ளிக்கிழமைக்குள் உன் கம்பெனிக்காரர்களிடம் போய், அந்த வரியை மாற்ற மாட்டேன் என்று சொல். தப்பாக விழுந்தது இல்லை, தெரிந்தே எழுதினேன் என்று சொல். அவர்கள் ஒப்புக்கொள்ளாமல் போகலாம், படம் அவர்களுடையது. ஆனால் நீயாகத் தலையாட்டிவிட்டு வராதே. மூன்றாம் பாகத்தையும் உன்னிடமே கொடுக்கச் சொல்லிக் கேள். உனக்கு இது வரும்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் இன்றைக்கே போனில் படமெடுத்து அனுப்பிவிடுகிறேன், ஏனென்றால் நாளைக் காலையில் அப்பா உனக்குப் போன் செய்யப்போகிறார். நான் போட்டுக் கொடுத்து, அவர் வாங்கி, “இந்தா, அம்மாகிட்டயே பேசு” என்று திருப்பிக் கொடுப்பதைத்தானே இத்தனை வருடமாகப் பார்த்திருக்கிறாய். இந்தத் தடவை அவரே எண்ணைத் தனியாக எழுதி வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். நான் பக்கத்தில் இருக்க வேண்டாமாம், கடைக்குப் போகச் சொல்லிவிட்டார். என்ன பேசுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து நீ வைத்துவிடாதே.

அம்மா